எத்தனை பர்சென்ட்?

அமெரிக்காவின் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகளின் இதயங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரசியல் இல்லை, பயப்படாதீர்கள்.

பில் க்ளிண்டனுக்கு 2004-ல் 58 வயது. சில மாதங்களாகவே உடற்பயிற்சி செய்தால் நெஞ்சில் இறுக்கம், மூச்சு வாங்கல். 'பயிற்சி விட்டுப்போச்சு, அதான்' என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் சும்மா இருக்கும்போதே வலி வந்தது. ஆஸ்பத்திரி, ஆஞ்சியோகிராம், சில இடங்களில் 90 சதவிகிதத்துக்கு மேல் அடைப்பு. செப்டம்பர் 6-ம் தேதி நியூயார்க்கில் நான்கு பைபாஸ்.

ஜார்ஜ் புஷ்ஷுக்கு (மகன்) 2013-ல் வயது 67. அந்த மே மாதம் போரில் காயம்பட்ட வீரர்களோடு மூன்று நாளில் 100 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவர். ஆகஸ்டில் டல்லாஸில் வருடாந்திர மாஸ்டர் செக்கப். அதில் என்னவோ தென்பட, மறுநாளே ஸ்டென்ட். வெளியான அறிக்கையில் நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை இல்லை. 'வலியே இல்லாத மனிதருக்கு எதற்கய்யா ஸ்டென்ட்?' என்று அங்கே சில டாக்டர்கள் பத்திரிகையில் பகிரங்கமாகவே கேட்டார்கள். அடைப்பு 95 சதவிகிதம் என்று பிற்பாடு செய்தி வந்தது. கேட்டவர்கள் வாயடைத்திருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர்கள் அடைக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த வார விஷயம்.

நம் ஊரில் யாராவது ஆஞ்சியோ செய்துகொண்டு வந்தால் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை பர்சென்ட்?' ப்ளஸ் டூ மார்க் மாதிரி. எழுபது என்றால் 'அப்பாடா' என்றும், தொண்ணூற்றைந்து என்றால் 'கடவுள் காப்பாத்தினார்' என்றும் பதில். நோயாளிக்கும் அதில் ஒரு சின்னப் பெருமை. அந்த சதவிகிதம் மருத்துவத்தில் முக்கியம்தான். ஆனால் ஆஞ்சியோவுக்கு யாரை, எப்போது அனுப்ப வேண்டும், அனுப்பியபின் என்ன செய்ய வேண்டும் என்ற முடிவை அந்த ஒற்றை எண் எடுக்கக்கூடாது. பல இடங்களில் அதுதான் எடுக்கிறது.

காரணம் நம் மனசில் இருக்கும் குழாய். இதயத்தின் ரத்தக்குழாய் என்றால் பழைய வீட்டின் துருப்பிடித்த தண்ணீர்க்குழாய் மாதிரி ஒரு படம். அழுக்கு படிந்து படிந்து, 70, 80, 90 என்று ஏறி, நூறு தொட்டதும் ஹார்ட் அட்டாக். ஆகவே 90-ல் பிடித்துவிட்டால் தப்பித்தோம். இது புரிந்துகொள்ளச் சுலபமான படம். பெரும்பாலும் தப்பான படம்.

ரத்தக்குழாயின் சுவருக்கு உள்ளே கொழுப்பு சேர்ந்து, மேலே மெல்லிய ஆடை போர்த்திக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு பரு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆடை திடீரென்று கிழிந்தால் உள்ளே இருப்பது ரத்தத்தோடு கலந்து, அந்த இடத்தில் சில நிமிஷங்களில் ரத்தம் உறைந்து கட்டியாகி, குழாயை மூடிவிடுகிறது. மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதுதான். கிழிகிற பரு பெரியதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. முந்தின வாரம் ஆஞ்சியோ எடுத்திருந்தால் 'நாற்பது பர்சென்ட்தான், கவலைப்படாதீங்க' என்று சொல்லி அனுப்பியிருக்கக்கூடிய இடமே கிழியலாம். பக்கத்தில் 90 சதவிகிதத்தில், மேலே கெட்டியாகக் கால்சியம் பூசிக்கொண்டு பத்து வருஷமாக ஒரு அடைப்பு சாதுவாகவும் இருக்கலாம். அது படியேறும்போது வலி கொடுக்கும், நின்றால் விடும். ஸ்டென்ட் போட்டால் அந்த வலி போகும். ஆனால் குழாய் நெடுகிலும் இருக்கிற மற்ற பருக்களுக்கும் அந்த ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கம்பிவலைக்கும் சம்பந்தமில்லை.

இது என் தியரி இல்லை. 2007-ல் 'கரேஜ்' என்றொரு ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து முடிந்தது. 2,287 பேர். எல்லோருக்கும் கணிசமான அடைப்பு, ஆனால் நிலையான நோய். பாதிப்பேருக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட். மீதிப்பேருக்கு மருந்து மட்டும். நாலரை வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்ததில் இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 19 சதவிகிதம், மருந்துத் தரப்பில் 18.5. இதய டாக்டர்கள் நம்பவில்லை. 'ரொம்ப மோசமான அடைப்புக்காரர்களைச் சேர்க்கவில்லை, பழைய காலத்து ஸ்டென்ட்' என்றெல்லாம் ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபணைகள்தான். ஆகவே இன்னும் பெரிசாக இன்னொன்று நடத்தினார்கள். 'இஸ்கீமியா' என்று பெயர். 37 நாடுகள், இந்தியாவும் உண்டு. 5,179 பேர். இந்தத் தடவை டெஸ்ட்டில் இதயத்துக்கு ரத்தம் கணிசமாகக் குறைகிறது என்று நிரூபணமானவர்கள் மட்டும். 2019 நவம்பரில் முடிவைச் சொன்னார்கள். ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்த தரப்பில் இறந்தவர்கள் 145 பேர். முதலில் மருந்து, முடியாவிட்டால் மட்டும் ஆஞ்சியோ என்றிருந்த தரப்பில் 144.

அந்த இரண்டு எண்களையும் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. அடிக்கடி நெஞ்சு வலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஸ்டென்ட், பைபாஸ் தரப்பில் வலி நன்றாகவே குறைந்தது. வலியே இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு, புஷ் மாதிரி ஆட்களுக்கு, இல்லாத வலியை எப்படிக் குறைப்பது?

வலி குறைந்தது என்பதில்கூட ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1950-களில் நெஞ்சு வலிக்கு ஒரு ஆபரேஷன் பிரபலமாக இருந்தது. மார்புக்குள் ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிட்டால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் என்று நம்பினார்கள். நிறையப் பேருக்கு வலி போயிற்று. 1959-ல் சியாட்டிலில் லெனார்ட் காப் என்பவர் ஒரு வேலை செய்தார். 17 பேரில் 8 பேருக்கு நிஜமாகக் கட்டினார். 9 பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார். இரண்டு கோஷ்டிக்கும் வலி ஒரே மாதிரி குறைந்தது! ஆபரேஷன் வழக்கொழிந்தது. (இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியிலும் அப்போது அவர் செய்த விதத்தில் அதைச் செய்ய விடமாட்டார்கள்.)

அதே துணிச்சலை லண்டனில் ரஷா அல்-லமீயும் டாரல் ஃப்ரான்ஸிஸும் 2017-ல் முறைப்படி அனுமதி பெற்றுச் செய்தார்கள். 'ஆர்பிட்டா'. 200 பேர். எல்லோரையும் மயக்கி, குழாய் விட்டு, பாதிப்பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப்பேருக்கு மேஜையில் கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டு எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பார்த்த டாக்டருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டால், ஸ்டென்ட் வைத்தவர்கள் அதிகமாக ஓடியது 16 விநாடி. புள்ளியியல்படி அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு 'ஸ்டென்ட் எல்லாம் ஃப்ராடு' என்று கிளம்பிவிடாதீர்கள். அதே கோஷ்டி 2023-ல் இரண்டாவது ஆர்பிட்டாவை வெளியிட்டது. இந்த முறை 301 பேர், வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு. பன்னிரண்டு வாரத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு வலி அறவே இல்லை; பொய் வைத்தியத்தில் 15 பேருக்குத்தான். ஆக, ஸ்டென்ட் வலிக்கு மருந்து. நல்ல மருந்து. எல்லோருக்கும் அல்ல. ஆயுளுக்கு மருந்து என்று சொல்லி விற்கிறபோதுதான் எனக்குத் தகராறு.

என் நண்பர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வயது 64. திருநீர்மலைப் படி ஏறினால் பாதியில் நெஞ்சை இறுக்கும். நின்றால் இரண்டு நிமிஷத்தில் போய்விடும். ஒரு வருஷமாக அதே படி, அதே இடம். போய்க் காட்டினார். ஆஞ்சியோ பார்த்துடலாம் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். கேத் லேபில் அவர் படுத்திருக்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மனைவியையும் மகனையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்கள்.

"இங்க பாருங்கம்மா, தொண்ணூறு பர்சென்ட். டைம் பாம் மாதிரி. எப்ப வேணா வெடிக்கலாம். குழாய் உள்ளதான் இருக்கு, இப்பவே வெச்சுட்டா ஒரே செலவு."

"உயிருக்கு ஆபத்தா டாக்டர்?"

"வெக்கலேன்னா நான் பொறுப்பில்லம்மா."

மகன் கார்டை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு ஓடினான். அந்த இடத்தில் நீங்களும் நானும் ஓடுவோம்.

நண்பர் நன்றாக இருக்கிறார். படி ஏறுகிறார், வலி இல்லை. அந்த ஸ்டென்ட் வேலை செய்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. என் புகார் வேறு. ஒரு வருஷமாக ஒரே இடத்தில் வந்து ஒரே இடத்தில் நிற்கும் வலி, டைம் பாம் அல்ல. அது நிலையான ஆஞ்சைனா. அந்த ஒரு வருஷத்தில் அவருக்கு ஒரு பீட்டா பிளாக்கர் மாத்திரைகூட யாரும் எழுதித் தந்திருக்கவில்லை. மாதம் சில நூறு ரூபாய் மாத்திரைகளில் அவர் வலி போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். போகவில்லை என்றால் ஸ்டென்ட்டுக்கு நானே கூட்டிப் போயிருப்பேன். 'இரண்டு வழி இருக்கு சார், வீட்ல போய் யோசிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க' என்று அவரிடமே, அவர் மேஜையில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, யாராவது சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில், கண்ணாடி வழியாக, பயத்தில் வாங்கிய கையெழுத்தை சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

டாக்டர் எல்லாம் காசுக்காகச் செய்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. திரையில் ஒரு குறுகலைப் பார்த்துவிட்டு அதை விரிக்காமல் விடுவது எந்த டாக்டருக்கும் கஷ்டம். இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், ஆக்குலோ ஸ்டெனாட்டிக் ரிஃப்ளெக்ஸ் என்று. 1995-ல் எரிக் டோபாலும் ஸ்டீவன் நிஸனும் எழுதிய கட்டுரை அதைப் பிரபலமாக்கியது. கண் பார்த்ததும் கை விரித்துவிடும். சாய்ந்து தொங்கும் படத்தை நேராக வைக்காமல் நம்மால் இருக்க முடியாதல்லவா, அதே வியாதி.

காசு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தபோது மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதா 7,260 ரூபாய் என்று ஆயிற்று. அதற்கு முந்தின நாள்வரை ஒரு லட்சத்துக்கு மேல் பில் போட்டுக்கொண்டிருந்த அதே சரக்கு. ஆஸ்பத்திரிகளின் லாபம் சில இடங்களில் 600 சதவிகிதத்துக்கும் மேல் என்று ஆணையமே கணக்குக் காட்டியது. (அப்புறம் விலைவாசிக் குறியீட்டோடு வரம்பும் ஏறிவருகிறது.) விலையைக் கட்டுப்படுத்தினார்கள், சரி. வேண்டாத இடத்தில் வைக்கிற ஸ்டென்ட் 29,600 ரூபாயாக இருந்தாலும் வேண்டாததுதானே? அதற்கு எந்த ஆணையமும் வரம்பு வைக்கவில்லை.

அமெரிக்காவில் இந்த வியாதி முற்றினால் எப்படியிருக்கும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் ரெடிங் என்ற சின்ன ஊர் சாட்சி. அங்கே ஒரு ஆஸ்பத்திரி இதய வைத்தியத்துக்குப் பிரசித்தம். 2002-ல் ஒரு பாதிரியாருக்கு உடனே பைபாஸ் வேண்டும் என்றார்கள். அவர் வேறு ஊரில் போய்க் காட்டினார். இதயத்தில் ஒன்றுமே இல்லை என்றார்கள். அவர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். அந்த அக்டோபரில் ரெய்டு. ஆஸ்பத்திரியின் சொந்தக்காரக் கம்பெனி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2003-ல் அரசுக்கு 54 மில்லியன் டாலர், 2004-ல் 769 நோயாளிகளின் வழக்குகளுக்கு 395 மில்லியன் டாலர் தருவதாகச் சமாதானமானது. அத்தனை பேரையும் பிடித்துக்கொடுத்தது ஒரு செகண்ட் ஒப்பீனியன். அதைக் கேட்பது டாக்டரை அவமதிப்பது என்று நினைக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, அந்தப் பளபளக் காகிதப் பாக்கேஜ் சமாசாரம். பிறந்தநாள், காதலர் தினம், அன்னையர் தினம் என்று எதற்கெடுத்தாலும் மாஸ்டர் செக்கப் சலுகை. அதில் ஒரு டிரெட்மில். வலி எதுவும் இல்லாதவர்கள் ஓடுகிறார்கள். 'பாசிட்டிவ்' என்று வருகிறது. அடுத்து ஆஞ்சியோ.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாற்பது வயசில், வலி இல்லாத 1,000 பேரை ஓடவிடுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் நிஜமாகவே மோசமான அடைப்பு 30 பேருக்கு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். டிரெட்மில் டெஸ்ட், நோய் இருப்பவர்களில் ஏறக்குறைய 70 சதவிகிதத்தைப் பிடிக்கும். இல்லாதவர்களில் 77 சதவிகிதத்தை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். அப்படியானால் 30-ல் 21 பேர் மாட்டுவார்கள். மீதி 970 பேரில், ஒன்றுமே இல்லாத 223 பேரும் மாட்டுவார்கள். ஆக 244 பாசிட்டிவ், அதில் நிஜம் 21. மற்ற 223 பேரும் அன்றிரவு தூங்கமாட்டார்கள். பெண்களிடம் இந்த டெஸ்ட் இன்னும் அதிகமாகவே பொய் சொல்லும். டெஸ்ட்டில் கோளாறு இல்லை. கேள்வியே இல்லாத இடத்தில் பதில் தேடியதுதான் கோளாறு. இதே டெஸ்ட்டை, படியேறினால் வலிக்கிறது என்கிற 60 வயது சிகரெட்காரரிடம் செய்தால் விடை எவ்வளவோ நம்பகமானது.

ஆஞ்சியோவும் போட்டோ எடுப்பது போல ஒன்றும் செய்யாத சமாசாரமில்லை. 1958-ல் க்ளீவ்லாண்டில் மேஸன் சோன்ஸ் ஒரு இளைஞரின் இதயத்துக்கு அருகே சாயம் செலுத்த, குழாயின் நுனி நகர்ந்து, சாயம் முழுக்க இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது. ஆள் போய்விட்டார் என்றே நினைத்தார். அவர் ஒரு இருமலோடு எழுந்துவிட்டார்! அந்த விபத்தில் பிறந்ததுதான் இன்றைய ஆஞ்சியோ. இப்போது ரொம்பப் பத்திரம். உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆனால் கிட்னி பலவீனமானவர்களுக்குச் சாயம் ஆகாது. அதைவிட, ஒரு தடவை திரையில் பார்த்துவிட்டால் சும்மா இருப்பது கஷ்டம் என்று சொன்னேனே, அதுதான் பெரிய பக்கவிளைவு.

அப்படியானால் யாரை அனுப்ப வேண்டும்? சரியான மாத்திரைகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்த பிறகும் வலி வாழ்க்கையைக் கெடுக்கிறதா, அவரை அனுப்புங்கள். தபால்காரரும் எழுபது வயது சாய்வு நாற்காலிக்காரரும் இதில் ஒன்றில்லை. ஒருவருக்கு மாடிப்படி பிழைப்பு, இன்னொருவருக்குப் படி ஏறாமலே காலம் போகும். இடதுபக்கத் தலைக்குழாயில், 'லெஃப்ட் மெயின்' என்கிறார்களே, அதில் அடைப்பு என்று சந்தேகம் வந்தால் கண்டிப்பாக. அந்த ஒரு குழாய் மூடினால் இதயத்தின் பெரும்பகுதி போச்சு. கரேஜ், இஸ்கீமியா எல்லாம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. எக்கோவில் இதயம் ரொம்ப பலவீனம் என்று வந்தாலும் சேர்க்கவில்லை, அவர்களுக்கு வேறு கணக்கு: பல குழாய்களில் அடைப்போடு பலவீனமான இதயத்துக்கு பைபாஸ் நாளடைவில் ஆயுளைக் கூட்டுகிறது, ஸ்டென்ட் கூட்டுவதாக 2022-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் தெரியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, நம் ஊரில் பாதி வாசகர்களுக்கு இது பொருந்தும். பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளை வைத்து 2012-ல் 'ஃப்ரீடம்' ஆய்வு முடிந்தது. ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட்டில் 16.3 சதவிகிதம், பைபாஸில் 10.9. 'மூணு ஸ்டென்ட் வெச்சுடலாம்' என்று ஒரு சர்க்கரைக்காரரிடம் சொல்லும் முன் ஒரு இதய சர்ஜனும் படத்தைப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஸ்டென்ட் வைப்பவரிடம் மட்டும் கேட்டால் ஸ்டென்ட்தான் வரும். பெருமாள் கோயிலில் விபூதி கேட்டால் கிடைக்குமா?

சந்தேகம் தீராத நெஞ்சு வலிக்கு இப்போது சி.டி. ஆஞ்சியோ இருக்கிறது. கையில் சாயத்தை ஊசியால் போட்டுப் படம் எடுப்பது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் செய்து 2018-ல் ஐந்து வருஷக் கணக்கைச் சொன்னார்கள். சி.டி. எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதய மரணமும் சேர்ந்து 2.3 சதவிகிதம், எடுக்காதவர்களிடம் 3.9. இதில் ரசமான விஷயம், அந்த ஐந்து வருஷத்தில் ஸ்டென்ட்டும் பைபாஸும் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சி.டி.யில் கொழுப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஸ்டாட்டினும் ஆஸ்ப்பிரினும் அதிகம் எழுதிக்கொடுத்தார்கள். மாத்திரைதான் வேலை செய்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நிதானமான வலிக்கு. இனி சொல்லப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு யாராவது வீட்டில் உட்கார்ந்துவிட்டால் பாவம் எனக்கு.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும் வலி, வந்து போகாத வலி, போன மாதம் இல்லாத வலி, தினம் தினம் கூடும் வலி, வியர்த்துக் கொட்டி, இடது கை, தாடை, முதுகு என்று பரவும் வலி: இது வேறு ஜாதி. பரு கிழிந்துவிட்டது. க்ளிண்டனுக்குக் கடைசியில் வந்தது இந்த எச்சரிக்கைதான். சௌரவ் கங்குலிக்கு 2021 ஜனவரி 2-ம் தேதி கொல்கத்தாவில் டிரெட்மில்லில் ஓடும்போது வந்ததும் இந்த ரகம். 48 வயது. அன்றைக்கே ஆஞ்சியோ, அன்றைக்கே ஒரு ஸ்டென்ட், மற்ற இரண்டு குழாய்களுக்கு அந்த மாதக் கடைசியில். (இதயத்துக்கு நல்லது என்று அவர் விளம்பரம் செய்துகொண்டிருந்த சமையல் எண்ணெயின் விளம்பரத்தைச் சில நாளைக்கு நிறுத்திவைத்தார்கள்.) இங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது. இங்கே யாரும் வீட்டுக்குப் போய் யோசிக்கக்கூடாது. கண்ணாடி வழியாகக் காட்டிக் கையெழுத்து கேட்டால் உடனே போடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இங்கேதான் நாம் யோசிக்கிறோம். 'கேஸ்தான்' என்று ஒரு சோடா. அப்புறம் ஓமத் திரவம். 'நேத்து சாப்பிட்ட பரோட்டா' என்று ஒரு ஆராய்ச்சி. விடிந்ததும் பார்க்கலாம் என்று ஒரு தூக்கம். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் குமட்டலும் அசதியுமாக வரும். 'அம்மாவுக்கு ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு' என்று அதைக் கடந்துபோய்விடுவார்கள். மாஸ்டர் செக்கப்புக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கிற அதே குடும்பம், இந்த இ.சி.ஜி.க்கு ஆறு மணி நேரம் தாமதிக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கிறது. அதை எந்த ஸ்டென்ட்டாலும் திருப்பித் தர முடியாது.

கேத் லேப் இல்லாத ஊரில் என்ன செய்வது? 1988-ல் 17,187 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் ஒரு ஆஸ்ப்பிரினும் சேர்த்துக் கொடுத்ததில், ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் 13.2 சதவிகிதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் போடக்கூடிய ஊசி அது. போட்டுவிட்டு, வலி நின்றாலும் நிற்காவிட்டாலும், மூன்று மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்றைய முறை. நிற்காவிட்டால் மூன்று மணிகூடக் காத்திருக்கக்கூடாது.

இதைத் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கோவை டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி முதலானவர்கள் சேர்ந்து, சக்கரத்தின் குடம் போல நான்கு பெரிய ஆஸ்பத்திரிகள், ஆரக்கால்களாகச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகள் என்று ஒரு ஏற்பாடு. சின்ன இடத்தில் இ.சி.ஜி., ஊசி, ஆம்புலன்ஸில் பெரிய இடம். 2,420 நோயாளிகளின் கணக்கு 2017-ல் வெளியாயிற்று. ஏற்பாட்டுக்கு முன்பு இவர்களில் ஆஞ்சியோவுக்குப் போனவர்கள் நூற்றுக்கு 35, பின்பு 61. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். அந்த நோயாளிகளில் நிறையப் பேர் ரேஷன் கார்டுக்காரர்கள், அரசுக் காப்பீட்டில் வந்தவர்கள். யாரும் அவர்களுக்கு அன்னையர் தினச் சலுகை அனுப்பியிருக்கமாட்டார்கள்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒன்று மட்டும். க்ளோபிடோக்ரெல் மாதிரி ஒரு மாத்திரையும் ஆஸ்ப்பிரினும் எழுதித் தந்திருப்பார்கள். பல் பிடுங்கப் போகும்போது பல் டாக்டர் 'ஒரு வாரம் நிறுத்துங்க' என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். புது ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்துவிடும். இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அப்படியே ஸ்டாட்டினையும். வாட்ஸப்பில் யாரோ வெந்தயத்தைச் சொன்னார் என்று என் வங்கி நண்பர் அதை நிறுத்தி நாலு மாதமாகிறது. கம்பிவலை இருக்கே, அப்புறம் மாத்திரை எதுக்கு என்கிறார்.

"எத்தனை பர்சென்ட் இருக்குன்னு இன்னொரு ஆஞ்சியோ பாத்துடலாமா?" என்று போன வாரம் கேட்டார்.

"வலி இருக்கா?"

"இல்ல."

அந்த ஸ்டாட்டின் சீட்டை எடுத்து வரச்சொல்லியிருக்கிறேன்.